பழைய பெட்ரோல் வண்டியில் விட்டுவிட்டு வரும் கோளாறு: அதைக் கண்டறியும் முறை

அம்பாஸடர், பிரீமியர் பத்மினி, ஸ்டாண்டர்டு ஹெரால்டு முதலிய வண்டிகள் இப்பொழுது உற்பத்தி செய்யப்படுவதில்லை. மேற்கு வங்காளத்து உத்தரபாராவில் 1957-ஆம் வருஷம் தொடங்கிய அம்பாஸடர் உற்பத்தி 2014-ஆம் வருஷம் நின்றது. ஹெரால்டு வண்டியைச் செய்த தொழிற்சாலை சென்னையை அடுத்த பெருங்களத்தூர், வண்டலூர்ப் பக்கத்தில் இருந்து, அதற்கு வெகு காலம் முன்பே மூடப்பட்டது. எனினும் இவற்றைப் பராமரித்து ஓட்டுவோர் இன்னும் உளர்.

இத்தகைய பழைய வண்டிக்கு நேரும் கோளாறுகளுள் பணத்தை அதிகமாகக் கரைப்பது எது எனில், விட்டுவிட்டு வரும் கோளாறே. காலையில் எஞ்சின் எளிதிற் கிளம்பாது. கிளம்பினாலும் இடையிடையே ஒரு வெடி தவறி வண்டி உதறும். மெக்கானிக்குகள் இதை 'மிஸ்ஸிங்' என்பர். பட்டறையில் கொண்டுபோய் நிறுத்தினாலோ ஒழுங்காக ஓடும். ஆகவே காரணம் தெரியாமலே பிளக், காயில், கார்புரேட்டர் என ஒவ்வொரு சாமானாக மாற்றப்படுகிறது. வண்டி சங்கத்திற்குச் சொந்தமானால் இந்நஷ்டம் அங்கத்தினர் யாவரையும் சாரும். சேலைக்கட்டுடன் சுமார் 75 கிலோமீட்டர் தூரமுள்ள சென்னைக்குப் புறப்பட்ட வண்டி நடுவழியில் நின்றால், முகூர்த்தத்திற்கு முந்தின நாள் சேரவேண்டிய கூறைச்சேலையும் சேராது.

காஞ்சிபுரத்து நெசவாளருக்கு இதில் ஒரு சௌகரியம் உண்டு. துணியில் ஒரே இடத்தில் ஒரே பிழை திரும்பத் திரும்ப வந்தால், அவர் ஜக்கார்டு பெட்டியில் அதற்குரிய அட்டையைப் பார்ப்பார். பிழை அங்கங்கே சிதறி வந்தால் வேறு காரணத்தைத் தேடுவார். எந்த நிலையிலும் தறி முழுவதையும் பிரிக்கமாட்டார். எஞ்சினையும் இவ்வாறே ஆராயவேண்டும்.

எஞ்சினுக்கு வேண்டியவை மூன்று

எஞ்சின் ஓடுவதற்குத் தக்க சமயத்தில் பொறியும், தக்க அளவில் பெட்ரோலும் காற்றும், ஸிலிண்டருக்குள் போதிய அழுத்தமும் வேண்டும். மேற்கூறிய வண்டிகளில் நான்கு ஸிலிண்டர்கள் உண்டு. அவை 1, 3, 4, 2 என்ற வரிசையில் வெடிக்கும். பாட்டரியின் 12 வோல்ட் மின்சாரத்தை டிஸ்ட்ரிபியூட்டரிலுள்ள பாயிண்ட் திறந்து தடுக்கும் கணத்தில், காயிலில் பல ஆயிரம் வோல்ட் பிறக்கிறது. ரோட்டார் அதை அந்தந்தப் பிளக்கிற்குப் பங்கிடுகிறது. இவ்வமைப்பு அமெரிக்க நாட்டுச் சார்லஸ் கெட்டரிங் என்பவரால் வகுக்கப்பட்டு, 1910-ஆம் வருஷத்துக் காடிலாக் வண்டியில் முதலிற் பொருத்தப்பட்டது.

முதலாவது: குறிப்பு எழுதுதல்

இக்காலத்து வண்டிகளில் ஒரு சிறு கணினி கோளாறுகளைக் குறித்துவைக்கிறது. பழைய வண்டியில் அவ்வேலையை ஓட்டுபவரின் நோட்டுப் புத்தகமே செய்யவேண்டும். கோளாறு வந்தபோது எஞ்சின் குளிர்ந்திருந்ததா, சூடேறியிருந்ததா, மழை பெய்ததா, வண்டி எத்தனை நாள் ஓடாமல் நின்றது, கடைசியாக எப்பொழுது பெட்ரோல் போடப்பட்டது என்பவற்றை எழுதிவைக்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் மாத்திரம் வருவது பெரும்பாலும் மின்சாரக் கசிவாகும். சூட்டில் வந்து ஆறியபின் மறைவது காயில், கண்டென்சர், அல்லது குழாயிலேயே ஆவியாகிவிடும் பெட்ரோல் இவற்றுள் ஒன்றாகும்.

இரண்டாவது: எந்த ஸிலிண்டர் என்று அறிதல்

எஞ்சினை நிறுத்தி, ஒரு பிளக் வயரைக் கழற்றி, அதன் நுனி எஞ்சின் உலோகத்தில் நன்றாகப் படும்படி வைத்து, மீண்டும் சிறிது நேரம் ஓட்டவேண்டும். நான்கு வயர்களையும் ஒவ்வொன்றாக இவ்வாறு பார்க்கவேண்டும். நல்ல ஸிலிண்டரின் வயரை எடுத்தால் உதறல் அதிகமாகும். எதை எடுத்தும் வித்தியாசம் தெரியாவிடில் அதுவே வேலை செய்யாத ஸிலிண்டர். பிறகு அதன் பிளக்கை மற்றொரு ஸிலிண்டருக்கு மாற்றுக. கோளாறு பிளக்குடன் இடம் பெயர்ந்தால் குற்றம் பிளக்கினுடையது. பெயராவிடில் வயரையும், அதன் பின் அழுத்தத்தையும் சோதிக்கவேண்டும். தவறுதல் ஒரு ஸிலிண்டரில் நில்லாது எல்லாவற்றிலும் சிதறி வந்தால், எல்லாவற்றிற்கும் பொதுவான பாயிண்ட், கண்டென்சர், காயில், ரோட்டார், கார்புரேட்டர் இவற்றில் தேடவேண்டும். ஒரு காசும் செலவில்லாத இச்சோதனையே தேடவேண்டிய இடத்தைப் பாதிக்குமேல் குறைத்துவிடும்.

மூன்றாவது: பொறி

வண்டியை இருட்டில் ஓடவிட்டு வயர்களைப் பார்த்தால், வெடிப்புள்ள இடத்தில் நீலப் பொறி தாவுவது தெரியும். டிஸ்ட்ரிபியூட்டர் மூடியின் உட்புறத்தில் மயிரிழை போன்ற கரிக்கோடு இருந்தால், ஈரக்காற்றில் மின்சாரம் அவ்வழியே கசியும். லூகாஸ் டிஸ்ட்ரிபியூட்டர் உள்ள அம்பாஸடரில் பாயிண்ட் இடைவெளி 0.015 அங்குலமும், பிளக் இடைவெளி 0.025 அங்குலமும் இருத்தல் வேண்டும். மற்ற வண்டிகளுக்கு அவற்றின் கைப்புத்தகமே பிரமாணம். தண்டு தேய்ந்து ஆடினால் இடைவெளி சுற்றுக்குச் சுற்று மாறும். அப்பொழுது புதுப் பாயிண்ட் போட்டும் பிரயோஜனமில்லை. பாயிண்ட் விரைவில் கருகுமாயின் கண்டென்சரைச் சந்தேகிக்கவேண்டும். கிளம்பும்போது ஸ்டார்ட்டர் சோர்ந்து சுற்றினால் பாட்டரியையும் அதன் முனைகளையும் முதலிற் கவனிக்கவேண்டும்.

நான்காவது: பெட்ரோல்

2023-ஆம் வருஷம் முதல் நம் நாட்டில் நூற்றுக்கு 20 பங்கு எத்தனால் கலந்த பெட்ரோல் விற்பனைக்கு வந்து, பின்னர் எங்கும் பரவியது. பழைய வண்டிகளின் ரப்பர்க் குழாய்களும் பம்பின் சவ்வும் இதை எண்ணிச் செய்யப்பட்டவை அல்ல. அவை ஊறியும் வெடித்தும் கெடக்கூடும். எத்தனால் ஈரத்தை இழுக்கும். ஈரம் மிகுந்தால் நீரும் எத்தனாலும் பிரிந்து டாங்கியின் அடியில் தங்கும். மாதக்கணக்கில் நின்ற வண்டி கிளம்ப மறுப்பதற்கு இதுவும் ஒரு காரணம். ஆதலால் எத்தனாலைத் தாங்கும் குழாய்களைப் போட்டு, நிற்கும் வண்டியில் பழைய பெட்ரோலைத் தேக்கிவைக்காதிருப்பது நலம்.

வண்டி சூட்டில் நின்றுபோனால், ஆறுமுன்பே, அந்த நிமிஷத்திலேயே சோதிக்கவேண்டும். பொறி இல்லையேல் காயில் பக்கம். பொறி இருந்து கார்புரேட்டருக்குப் பெட்ரோல் வராவிடில் பம்பு, குழாய், டாங்கிப் பக்கம். அரை மணி கழித்துப் பார்த்தால் இரண்டும் சரியாகவே இருக்கும், உண்மை புலப்படாது. பெட்ரோல் சிந்திய இடத்தில் பொறிச் சோதனை ஒருபோதும் செய்யலாகாது.

ஐந்தாவது: அழுத்தம்

மேற்கூறியவை யாவும் சரியாயிருந்தும் ஒரே ஸிலிண்டர் தவறினால், பட்டறையில் அழுத்தமானியால் நான்கையும் அளக்கவேண்டும். குறைந்த ஸிலிண்டரில் ஒரு கரண்டி எண்ணெய் விட்டு மறுபடி அளந்து, அழுத்தம் உயர்ந்தால் பிஸ்டன் ரிங் தேய்ந்தது என்றும், உயராவிடில் பெரும்பாலும் வால்வு சரியாக மூடவில்லை என்றும் அறியலாம். டேப்பட் இடைவெளி குறைந்திருந்தாலும் வால்வு முற்றும் மூடாது. அதைச் சரிசெய்தாலே போதுமாகலாம்.

செலவைப் பற்றிய விதி

சங்க வண்டிக்குச் சாமான் வாங்கும்படி பில் வரும்போது, அச்சாமான் கெட்டதென்று காட்டிய சோதனை இன்னதென நிர்வாகக் குழுவினர் எழுத்தில் கேட்கவேண்டும். ஒரு சமயத்தில் ஒரு சாமானையே மாற்றி, சில நாள் ஓட்டிப் பார்த்து, பலனை நோட்டில் எழுதவேண்டும். இரண்டு மூன்றை ஒருங்கே மாற்றினால் கோளாறு நீங்கினாலும் காரணம் தெரியாது. கழற்றிய பழைய சாமானையும் திரும்ப வாங்கி வைக்கவேண்டும். அது நல்லதாயிருப்பின் அவசரத்திற்கு உதவும்.