கூரையிலிருந்து கணக்கிடுங்கள்: சொந்த வீட்டைக் கட்டத் தொடங்குமுன்

இந்தப் பகுதி, தேற்றாத்தீவிலும் அதனை அண்டிய ஊர்களிலும் மீளக் குடியமர்ந்து, உதவித்தொகையைக் கொண்டு தமது வீட்டைத் தாமே கட்டவிருக்கும் குடும்பங்களுக்கானது. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையில் கடற்கரை வீட்டை இழந்தவர்களும், 2006, 2007 ஆம் ஆண்டுகளில் யுத்தத்தினால் படுவான்கரையிலிருந்து வாவியைக் கடந்து வந்து, பின்னர் ஊர் திரும்பியவர்களும் உங்களில் இருக்கிறீர்கள்.

முன்னர் பல இடங்களில் நிறுவனங்களே வீட்டைக் கட்டித் திறப்பைக் கையில் தந்தன. உரிமையாளரே கட்டும் திட்டங்களில் நிலைமை வேறு. உலக வங்கியின் உதவியுடன் 2005 முதல் வடக்கு கிழக்கில் நடந்த வீடமைப்புத் திட்டமும், 2012 இல் பெருமளவில் தொடங்கிய இந்திய வீடமைப்புத் திட்டமும் இவ்வகையானவை. இந்தியத் திட்டத்தில் ஒரு முழு வீட்டுக்கு 550,000 ரூபா, ஏறத்தாழ 550 சதுர அடி என்பது அளவாக இருந்தது. பணம் உங்கள் வங்கிக் கணக்குக்கே வரும். ஆனால் ஒரே தடவையில் வராது. ஒரு கட்டம் முடிந்து, தொழினுட்ப உத்தியோகத்தர் பார்வையிட்ட பின்னரே அடுத்த தவணை கிடைக்கும்.

இங்கேதான் பல குடும்பங்கள் சிக்கிக்கொள்கின்றன. அத்திவாரத்தைப் பெரிதாகப் போட்டுவிடுகிறார்கள். சுவர் பாதியில் நிற்கும்போது கையில் உள்ள பணம் முடிந்துவிடுகிறது. கட்டம் முடியாததால் அடுத்த தவணையும் வருவதில்லை. நகை அடகுக்குப் போகிறது, வட்டிக்குக் கடன் வாங்குகிறார்கள். அதற்குள் மாரி தொடங்கிவிடுகிறது. கூரை ஏறாத சுவருக்குப் பக்கத்தில், பழைய தகரக் கொட்டிலிலேயே இன்னொரு வருடம் கழிகிறது.

இதைத் தவிர்க்க ஒரு வழி உண்டு. கணக்கை அத்திவாரத்திலிருந்து தொடங்காதீர்கள், கூரையிலிருந்து தொடங்குங்கள். “எவ்வளவு பெரிய கூரையை நம்மால் போட்டு முடிக்கலாம்?” என்ற கேள்விக்கு விடை கிடைத்த பிறகே அத்திவாரத்துக்குக் கயிறு கட்டுங்கள்.

காணியை முதலில் உறுதிசெய்யுங்கள்

காணி யாருடைய பெயரில் இருக்கிறது? மட்டக்களப்பில் வளவும் வீடும் பெரும்பாலும் பெண்பிள்ளைக்குச் சீதனமாகப் போகும் வழக்கம் உள்ளது. ஆகவே உதவித்தொகை கணவரின் பெயரிலும், காணி மனைவியின் தாயாரின் பெயரிலும் இருப்பது இங்கு சாதாரணம். குடும்பத்துக்குள் நம்பிக்கை இருந்தாலும், திட்டத்துக்கு எழுத்து வேண்டும். கட்டிய பின் உரிமை கேட்டு இன்னொரு உறவினர் வந்தால், இழப்பு உங்களுடையது. எனவே விண்ணப்பிக்குமுன் உறுதியை அல்லது சம்மதக் கடிதத்தைச் சரிசெய்து கொள்ளுங்கள்.

உறுதி தொலைந்திருந்தால் காணிப் பதிவகத்தில் பிரதி பெற முயலலாம். அரச காணி அனுமதிப்பத்திரம் தொலைந்திருந்தால், அந்தக் காணி அமைந்துள்ள பிரதேச செயலகத்தின் பதிவேட்டில் விவரம் இருக்கும். தேற்றாத்தீவு மக்களுக்கு அது களுவாஞ்சிகுடியில் உள்ள மண்முனை தென் எருவில் பற்றுப் பிரதேச செயலகம். முதலில் கிராம உத்தியோகத்தரைச் சந்தியுங்கள். வழக்கு வரக்கூடிய காணி என்றால், சட்ட உதவி ஆணைக்குழுவில் ஆலோசனை கேளுங்கள்.

கடற்கரைப் பக்கம் கட்டுபவர்கள் இன்னொன்றையும் கேட்டறிய வேண்டும். ஆழிப்பேரலைக்குப் பின், 2005 இல், கிழக்கில் 200 மீற்றர் எல்லை அறிவிக்கப்பட்டது. பின்னர் அது மாற்றப்பட்டது. கடலிலிருந்து 300 மீற்றர் வரையுள்ள கரையோர வலயத்தில் கட்டுவதற்கு அனுமதி தேவைப்படும். ஆகவே பழைய பேச்சை நம்பாமல், இன்றைய எல்லை எது என்பதைப் பிரதேச செயலகத்தில் கேளுங்கள். பிரதேச சபையின் கட்டட அனுமதியையும் அப்போதே பெறுங்கள்.

படுவான்கரையில் நெடுநாள் ஆளில்லாமல் கிடந்த வளவு என்றால், கண்ணிவெடி அகற்றப்பட்ட இடமா என்று உறுதிப்படுத்தாமல் கிணறோ கிடங்கோ தோண்ட வேண்டாம். சந்தேகமான பொருளைக் கண்டால் தொடாமல், அடையாளம் வைத்துவிட்டு, பொலிசுக்கோ கிராம உத்தியோகத்தருக்கோ அறிவியுங்கள்.

நான்கு அடி கூட்டினால் என்ன ஆகும்?

அகலம் 22 அடி, நீளம் 25 அடி என்றால் 550 சதுர அடி. “இன்னும் நான்கு அடி நீட்டினால் ஒரு அறை பெரிதாகும், அதிகம் செலவாகாது” என்று யாராவது சொல்வார்கள். கணக்கைப் பாருங்கள்.

- அத்திவாரம் இரு பக்கமும் சேர்த்து 8 அடி கூடும்.
- சுவர் 10 அடி உயரம் என்றால் 80 சதுர அடி கூடும். 16 அங்குல நீளமும் 8 அங்குல உயரமும் உள்ள சீமெந்துக் கல்லில், அதற்கு ஏறத்தாழ 90 கல் வேண்டும்.
- தரை 88 சதுர அடி கூடும்.
- கூரை, இறவாரத்தையும் சரிவையும் சேர்த்தால், ஏறத்தாழ 115 சதுர அடி கூடும். ஓடு போட்டால் சுமார் 150 ஓடு வேண்டும். அதைத் தாங்கும் கைமரமும் சிலாகையும் வேறு.

இவற்றுடன் பூச்சுக்கும் தரைக்கும் சீமெந்து, மேசன் கூலி, ஓடாவி கூலி, ஏற்றுக்கூலி. உதவித்தொகை மட்டும் ஒரு ரூபாவும் கூடாது.

இந்த வீடு நாளை மகளின் வீடாகப் போகிறது, சிறிதாக இருந்தால் குறையாகப் பார்ப்பார்கள் என்ற கவலை பல தாய் தந்தையருக்கு உண்டு. அது நியாயமான கவலை. ஆனால் முடிந்த சிறு வீட்டைப் பின்னர் பெரிதாக்கலாம். பாதியில் நிற்கும் பெரிய வீட்டைச் சிறிதாக்க முடியாது. பின்னர் நீட்டும் எண்ணம் இருந்தால் இப்போதே இடம் விட்டுத் திட்டமிடுங்கள். முகடு ஓடும் திசையிலேயே நீட்டும்படி வீட்டை வையுங்கள். அப்போது பழைய கூரையைப் பிரிக்காமல் தொடர்ந்து போடலாம். அந்தப் பக்கச் சுவரில் ஒரு யன்னல் வைத்து, அதன் மேல் லிண்டல் போட்டால், பிறகு அதன் கீழ்ச் சுவரை மட்டும் எடுத்து வாசலாக்கலாம்.

எப்போது தொடங்குவது?

வடகீழ்ப் பருவமழை ஐப்பசியில் தொடங்கி மார்கழி வரை பெய்யும், தை வரை நீள்வதும் உண்டு. 2011 ஜனவரியில் மட்டக்களப்பு முழுவதும் வெள்ளத்தில் கிடந்ததை மறந்திருக்கமாட்டீர்கள். மழை விட்ட தை மாதத்திலிருந்து, நாள் பார்ப்பவர்கள் புதிய வேலை தொடங்காத ஆடி வரை, ஏறத்தாழ ஆறு மாதம் இருக்கிறது. ஆவணியில் தொடங்கினால், மழைக்கு முன் கூரை ஏறுமா என்பது சந்தேகமே.

அந்த ஆறு மாதத்திலும் ஒரு தடங்கல் உண்டு. மாசி, பங்குனியில் வேளாண்மை அறுவடை நடக்கும். கூலியாட்கள் கிடைப்பது கடினம், கூலியும் ஏறும். ஆகவே கல், மணல், கருங்கல் ஆகியவற்றை முன்கூட்டியே இறக்கி வையுங்கள். நிலை வைக்கும் நாளை முதலே குறித்துக்கொண்டு, அந்த நாளுக்குள் மரநிலைகள் தயாராக இருக்கும்படி ஓடாவியிடம் சொல்லுங்கள். நிலை வராததால் மேசன் வேறு வேலைக்குப் போய்விடுவது அடிக்கடி நடப்பது.

அத்திவாரம்: எல்லா வளவும் ஒரே மண் அல்ல

தேற்றாத்தீவு கடலுக்கும் வாவிக்கும் இடையில் உள்ளது. கடற்பக்கம் மணல், வாவியை நெருங்க நெருங்கக் களி. மணலில் மழைநீர் ஓடி அத்திவாரத்தின் அடியை அரிக்கும். களி, மாரியில் ஊதிக் கோடையில் சுருங்கும், அதனால் சுவர் வெடிக்கும். அயலவரின் அத்திவாரத்தைப் பார்த்து அதே ஆழத்தில் வெட்டாதீர்கள். உங்கள் வளவில் கிடங்கு வெட்டியதும், கல் வைக்குமுன், தொழினுட்ப உத்தியோகத்தருக்குக் காட்டுங்கள். மூடிய பிறகு அவராலும் பார்க்க முடியாது.

தள உயரத்துக்கு வெள்ளமே அளவுகோல். 2011 இல் தண்ணீர் எந்த மட்டத்துக்கு வந்தது என்று அயலில் உள்ள முதியவர்களைக் கேட்டு, அதற்கு மேல் குறைந்தது ஒரு அடி உயர்த்துங்கள். அத்திவாரத்தின் மேல் ஈரத்தடுப்புப் படை போடாமல் சுவர் தொடங்க விடாதீர்கள். பின்னர் சுவர் உவர் ஏறிப் பூச்சு உதிர்ந்தால் அதைத் திருத்துவது கடினம்.

மணல், தண்ணீர், கல்

மணல் வாசலிலேயே கிடக்கிறதே, ஏன் காசு கொடுத்து வாங்க வேண்டும் என்று தோன்றும். கடல் மணலிலும் வாவி மணலிலும் உப்பு உண்டு. உப்பு கொங்கிறீற்றுக்குள் உள்ள கம்பியைத் துருப்பிடிக்க வைக்கும். துருப்பிடித்த கம்பி ஊதி, சில வருடங்களில் லிண்டலை வெடிக்கச் செய்யும். அனுமதிப்பத்திரம் உள்ளவரிடம் ஆற்று மணலையே வாங்குங்கள். கலவைக்கு எடுக்கும் கிணற்று நீரும் வாயில் வைத்தால் உப்புக் கரிக்கக் கூடாது.

கல் வாங்கும்போது ஒன்றை நெஞ்சளவு உயரத்திலிருந்து தரையில் விட்டுப் பாருங்கள். தூளாக உடையும் கல்லை ஏற்ற வேண்டாம். நீங்களே கல் அரிந்தால், நிழலில் வைத்து ஒரு கிழமை தண்ணீர் ஊற்றி, அரிந்த நாளிலிருந்து இரண்டு கிழமையாவது கழித்துச் சுவரில் வையுங்கள்.

கலவையை மண்வெட்டிக் கணக்கில் அல்லாமல் வாளியால் அளக்கச் சொல்லுங்கள். கல் கட்ட ஒரு வாளி சீமெந்துக்கு ஐந்து வாளி மணல். லிண்டல் கொங்கிறீற்றுக்கு ஒன்று சீமெந்து, இரண்டு மணல், நான்கு சல்லி. கலவை தண்ணியாக இருந்தால் மேசனுக்கு வேலை இலகு, ஆனால் பலம் குறையும். போட்ட கொங்கிறீற்றுக்கு ஏழு நாள் காலையும் மாலையும் தண்ணீர் ஊற்றுவது வீட்டாரின் வேலை. அதற்குப் பணம் தேவையில்லை, மறக்காமல் இருந்தால் போதும்.

கூரையைக் காற்றுக்குக் கொடுக்காதீர்கள்

1978 நவம்பர் 23 சூறாவளி மட்டக்களப்பில் எத்தனை கூரைகளைக் கொண்டுபோனது என்பதை உங்கள் வீட்டு முதியவர்கள் சொல்வார்கள். பாரம் இருப்பதால் கூரை பறக்காது என்று எண்ண வேண்டாம். காற்று கூரையைக் கீழிருந்து தூக்கும். சுவரின் மேல் போடும் கொங்கிறீற்றில் சில அடிக்கு ஒன்றாகக் கம்பியை நிறுத்தி, அதனால் சுவர்வளையை இறுக்கிக் கட்டச் செய்யுங்கள். கொங்கிறீற்று காய்ந்த பிறகு இதைச் செய்ய முடியாது. இறவாரத்தை அளவுக்கு மீறி நீட்டாதீர்கள்.

பனை, தென்னை மரம் எடுத்தால் முற்றிய மரமா என்று பாருங்கள். இளமரத்தின் சோற்றுப் பகுதி விரைவில் உளுத்துவிடும். சுவரில் அமரும் முனைகளுக்குக் கறையான் மருந்து பூசுங்கள். அஸ்பெஸ்டஸ் தகட்டை வெட்ட நேர்ந்தால் நனைத்து வெட்டுங்கள், பிள்ளைகளை அருகில் விடாதீர்கள். அந்தத் தூசு நுரையீரலுக்குக் கேடு.

மேசனுடன் பேசும்போது

நாட்கூலியா, கொந்தராத்தா என்பதை முதலே தீர்மானியுங்கள். கொந்தராத்து என்றால் கட்டம் கட்டமாகப் பணம் கொடுப்பதாக ஒரு தாளில் எழுதி, இருவரும் கையொப்பமிடுங்கள். உங்கள் தவணையும் கட்டம் கட்டமாகவே வருகிறது, எனவே இது கேட்கக்கூடாத விடயம் அல்ல. முழுப்பணத்தையும் முற்பணமாகக் கொடுக்க வேண்டாம். குடும்பத்தைத் தனியே கொண்டுநடத்தும் பெண்கள், பேசும்போது கிராம அபிவிருத்திச் சங்க உறுப்பினர் ஒருவரைச் சாட்சியாக அழைக்கலாம்.

ஒரே வீதியில் நான்கைந்து வீடுகள் எழும்புகின்றனவென்றால், சீமெந்தையும் மணலையும் சேர்ந்து வாங்குங்கள். லொறிக் கூலி பகிரப்படும், விலையும் பேசலாம். கிடங்கு வெட்டுவது, மண் நிரப்புவது போன்றவற்றை முறைவைத்துச் சிரமதானமாகச் செய்யலாம். எல்லாப் பற்றுச்சீட்டுகளையும் ஒரு கொப்பியில் ஒட்டி வையுங்கள்.

கிணறும் மலசலகூடமும்

மணல் தரையில் கழிவுநீர் விரைவாக ஓடும், நிலத்தடி நீரும் மேலேயே நிற்கும். மலசலகூடக் குழிக்கும் கிணற்றுக்கும் இடையில் குறைந்தது 50 அடி விடுங்கள், 100 அடி கிடைத்தால் நல்லது. அயலவரின் கிணற்றையும் சேர்த்து அளவுங்கள். மாரியில் நீர்மட்டம் உயரும் வளவில் குழியை ஆழமாக்காமல், மேடாக்கிக் கட்டுங்கள். ஊரின் பெயரிலேயே உள்ள தேற்றா மரத்தின் கொட்டை கலங்கல் நீரைத் தெளிய வைக்கும். ஆனால் தெளிந்த நீர் எல்லாம் சுத்தமான நீர் அல்ல, கொதிக்க வைத்தே குடியுங்கள்.

கயிறு கட்டுமுன் ஐந்து கேள்விகள்

1. காணிப் பத்திரமும் உதவித்தொகையும் யார் பெயரில் என்பது எழுத்தில் தெளிவாக உள்ளதா?
2. இந்த அளவு வீட்டின் கூரைச் செலவை, ஓடு, மரம், கூலி எனத் தனித்தனியே எழுதிப் பார்த்தீர்களா?
3. முதல் தவணை வருமுன் செலவழிக்க வேண்டிய தொகை உங்கள் கையில் உள்ளதா?
4. ஐப்பசிக்கு முன் கூரை ஏறுமா?
5. வெள்ள மட்டத்தையும் கிணற்றின் தூரத்தையும் அளந்தீர்களா?

ஒன்றுக்காவது “இல்லை” என்றால், கிடங்கு வெட்டும் நாளைத் தள்ளி வைத்து, தொழினுட்ப உத்தியோகத்தரிடம் கேளுங்கள். தாளில் கீறிய வீட்டைச் செலவில்லாமல் மாற்றலாம். கல் வைத்த பிறகு எந்த மாற்றத்துக்கும் காசு கொடுக்க வேண்டும்.