ஊருக்குள்ளே கூத்து இருக்கு, ஸ்கூலுக்குள்ளே ஏன் இல்லை? தொடக்கப் பள்ளிகளின் கலைக் கல்விக் கணக்கு

கோடை வந்துவிட்டால் வந்தவாசி, செய்யாறு, ஆரணி சுற்றுவட்டாரத்தில் திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதம் களைகட்டும். பகலில் பாரதப் பிரசங்கம், ராத்திரி முழுக்கக் கூத்து, கடைசியில் துரியோதனன் படுகளம், தீமிதி. முன்வரிசையில் பாய் போட்டு உட்கார்ந்திருப்பது யார்னு பார்த்தால், பெரும்பாலும் பொடிசுகள். தெருக்கூத்துக்குப் பேர்போன புரிசை கிராமமும் இந்தப் பக்கம்தான், செய்யாறு அருகே.

ஆனால் இதே பிள்ளைகள் படிக்கும் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் பாட்டு டீச்சரோ, டிராயிங் மாஸ்டரோ கிடையாது. கோரைப் பாய் நெய்பவர், பட்டுத்தறி ஓட்டுபவர், விவசாயக் கூலி என்று அன்றாட வருமானத்தில் ஓடும் குடும்பங்களுக்கு, ஃபீஸ் கட்டி டான்ஸ் கிளாஸ், டிராயிங் கிளாஸ் அனுப்ப வழியில்லை. ஸ்கூலில் கிடைத்தால்தான் உண்டு.

ஏன் கிடைக்கவில்லை?

சட்டம் என்ன சொல்கிறது?

2009-ம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தில் (ஆர்.டி.ஈ.) ஓர் இணைப்பு அட்டவணை இருக்கிறது. ஒரு பள்ளிக்கு எத்தனை ஆசிரியர்கள் தேவை என்பதற்கான கணக்கு அதில்தான். 1 முதல் 5-ம் வகுப்பு வரை, 60 குழந்தைகள் இருந்தால் 2 ஆசிரியர்கள். ஐந்து வகுப்பையும், எல்லாப் பாடத்தையும் அந்த ரெண்டு பேரே சமாளிக்கணும். கலை ஆசிரியர் என்ற பேச்சே இந்த வகுப்புகளுக்கு இல்லை.

6 முதல் 8-ம் வகுப்புக்கு வரும்போதுதான் 'கலைக் கல்வி' என்ற சொல் எட்டிப் பார்க்கிறது. அதுவும் 100 பிள்ளைகளுக்கு மேல் இருந்தால் மட்டும். அதுவும் பகுதிநேரமாக.

அந்தப் பகுதிநேரம் எப்படிப்பட்டது என்பதைத் தமிழ்நாட்டுக்கு விளக்க வேண்டியதில்லை. 2012-ல் ஓவியம், உடற்கல்வி, தையல், இசை, கணினி என 16,549 பகுதிநேர ஆசிரியர்கள் நியமிக்கப்பட்டார்கள். வாரத்துக்கு மூன்று அரைநாள் வேலை, மாதம் 5,000 ரூபாய். அப்போது மே மாதம் சம்பளமே இல்லை. பிறகு சம்பளம் பல கட்டமாக உயர்ந்தது. பணி நிரந்தரம் கேட்டு அவர்கள் சென்னையில் உட்காராத போராட்டம் இல்லை. 2021 தேர்தலில் திமுக தந்த 181-வது வாக்குறுதி இவர்களைப் பற்றியதுதான். ஒரு டிராயிங் மாஸ்டர் குடும்பம் நடத்தவே முடியாத சம்பளத்தில் கலையை வளர்க்கச் சொல்வது, விதைநெல்லை வாங்கிக்கொண்டு விளைச்சல் எங்கே என்று கேட்பது மாதிரி.

கலைத் திருவிழா நடக்குதே?

நடக்கிறது. 2022-23 முதல் அரசுப் பள்ளிகளில் பெரிய அளவில் நடக்கிறது. முதலில் 6-ம் வகுப்பு முதல் 12 வரை. 2024-25-ல் 1 முதல் 5-ம் வகுப்புப் பிள்ளைகளையும் சேர்த்தார்கள். பள்ளி, வட்டாரம், மாவட்டம், மாநிலம் எனப் போட்டிகள்; பெரிய பிள்ளைகளுக்குக் கலையரசன், கலையரசி பட்டம். மேடையையே பார்க்காத ஒரு பிள்ளைக்கு மைக் முன்னால் நிற்கும் வாய்ப்பு சின்ன விஷயம் இல்லை.

ஆனால் போட்டி வேறு, வகுப்பு வேறு. வருஷத்தில் ஒருமுறை நடக்கும் போட்டியில், ஏற்கெனவே ஆடத் தெரிந்த பிள்ளைதான் ஜெயிக்கும். மற்றவர்களுக்கு யார் கற்றுக்கொடுப்பது? 2022-ல் வந்த 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தில் ஆடல், பாடல், பொம்மலாட்டம் எல்லாம் உண்டு. அது நல்ல மாற்றம்தான். இருந்தாலும் அங்கே பாட்டு என்பது எழுத்தும் கணக்கும் மனசில் பதிவதற்கான ஒரு வழி. பாட்டுக்காகப் பாட்டு இல்லை.

பள்ளிக்கு வெளியே? கலை பண்பாட்டுத் துறையின் மாவட்ட இசைப்பள்ளி திருவண்ணாமலையில் இருக்கிறது. நாதஸ்வரம், தவில், தேவாரம், பரதம் எல்லாம் சொல்லித் தருகிறார்கள். சேர 12 வயது ஆகியிருக்க வேண்டும். 5 வயது முதல் சேரக்கூடிய ஜவகர் சிறுவர் மன்றங்கள் வார இறுதி வகுப்புகள் நடத்துகின்றன. வந்தவாசியிலிருந்து மாவட்டத் தலைநகருக்கு பஸ்ஸில் போக மட்டும் சுமார் இரண்டு மணி நேரம். சனிக்கிழமை கூலியை விட்டுவிட்டு எந்த அம்மா கூட்டிப் போவார்?

ஒரு பள்ளி செய்து காட்டியது

கலையையும் படிப்பையும் ஒரே கூரையின் கீழ், அதுவும் ஏழைப் பிள்ளைகளுக்கு, நடத்த முடியுமா? பக்கத்திலேயே உதாரணம் இருந்தது. வந்தவாசியிலிருந்து ஏறக்குறைய ஒரு மணி நேரப் பயணத்தில் இருக்கும் காஞ்சிபுரம் அருகே, புஞ்சை அரசந்தாங்கலில் 2002-ல் தொடங்கிய கட்டைக்கூத்து குருகுலம்.

தொடங்கியவர் கூத்துக் கலைஞர் பெ.ராஜகோபால், உடன் நின்றவர், கூத்தை ஆய்வு செய்ய நெதர்லாந்திலிருந்து வந்த ஹன்னா டி புரூயின். ('தெருக்கூத்து' என்ற பெயர் கலையைத் தாழ்த்துகிறது என்பது ராஜகோபால் தரப்பு வாதம். தோளிலும் தலையிலும் அணியும் மரக் 'கட்டை' அணிகளிலிருந்து வந்தது கட்டைக்கூத்து. புரிசைக்காரர்கள் தெருக்கூத்து என்றே சொல்கிறார்கள். அந்தச் சண்டை தனிக் கட்டுரை!)

ராஜகோபால் பத்து வயதில் ஸ்கூலை விட்டுவிட்டுக் கூத்துக்குப் போனவர். கூத்துக் குடும்பத்துப் பையன்களுக்கு அதுதான் வழக்கம்: ராத்திரி ஆட்டம், பகலில் தூக்கம், படிப்பு கோவிந்தா. கூத்து வேணுமா, படிப்பு வேணுமா என்று ஒரு குழந்தையைத் தேர்ந்தெடுக்கச் சொல்லக் கூடாது என்பதுதான் குருகுலத்தின் அடிப்படை. கிராமத்து ஏழைப் பிள்ளைகள் அங்கேயே தங்கி, பாடங்களையும் படித்து, ஆட்டம், பாட்டு, மத்தளம், ஒப்பனை எல்லாம் கற்றார்கள். பெண் வேஷத்தையும் ஆண்களே கட்டிவந்த கலை அது. குருகுலத்தில் பெண் பிள்ளைகளும் வேஷம் கட்டினார்கள். இந்த மாற்றம் ஒன்றுக்காகவே அதைப் பேசலாம்.

2020-ல் குருகுலம் மூடப்பட்டது. 18 வருஷம்.

காசு யார் கொடுப்பது?

அமெரிக்காவில் 'சார்ட்டர் ஸ்கூல்' என்று ஒரு வகை உண்டு. அரசுப் பணம், ஃபீஸ் கிடையாது. நிர்வாகமும் பாடத்திட்டத்தின் வடிவமும் பள்ளி கையில். மின்னசோட்டா மாநிலம் 1991-ல் இதற்கு முதல் சட்டம் போட்டது. அங்கே கலையையே மையமாக வைத்து, ஏழைக் குடும்பங்களுக்காக நடக்கும் தொடக்கப் பள்ளிகளும் இந்த வகையில் இருக்கின்றன. அரசுப் பள்ளிகளுக்கான பணத்தை இது பங்கு போடுகிறது என்ற எதிர்ப்பும் அங்கே பலமாக உண்டு.

நம்ம ஊரில் இதற்கு நெருக்கமானது அரசு உதவிபெறும் பள்ளி. ஆனால் தமிழ்நாட்டுச் சட்டப்படி 1991-92 கல்வியாண்டு முதல் புதிதாகத் தொடங்கிய தனியார் பள்ளிகளுக்கு மானியம் இல்லை. அமெரிக்காவில் கதவு திறந்த அதே வருஷத்தில் இங்கே மூடியாச்சு. 2002-ல் பிறந்த குருகுலம் மாதிரி ஒரு முயற்சி கடைசிவரை நன்கொடையை நம்பித்தான் ஓடியாக வேண்டும்.

புதுசாகப் பள்ளி கட்டுவதை விடச் சுலபமான வழி ஒன்று இருக்கிறது. நான்கைந்து தொடக்கப் பள்ளிகளுக்குச் சேர்த்து ஒரு கலை ஆசிரியர், வாரம் ஒருநாள் ஒரு பள்ளி, முழுச் சம்பளம். கூத்து வாத்தியார்களும் தவில்காரர்களும் இந்த வட்டாரத்திலேயே இருக்கிறார்கள். ஆனால் உரிய ஆசிரியர் பயிற்சிச் சான்றிதழ் இல்லாத ஒரு கூத்து வாத்தியாரைப் பள்ளிக்குள் ஆசிரியராக உட்கார வைக்க, இன்றைய நியமன விதிகளில் இடமில்லை.