இளைப்பாறியவர் வீட்டில் இருக்கிறார்

உங்கள் வீட்டுக்காரர் இளைப்பாற இன்னும் எத்தனை வருடங்கள் இருக்கின்றன என்று கணக்குப் பார்த்திருக்கிறீர்களா? அவர் கட்டாயம் பார்த்திருப்பார். பணிக்கொடை எவ்வளவு வரும், மாதாந்த ஓய்வூதியம் எவ்வளவு, கடனில் மிச்சம் எவ்வளவு என்பது அவருடைய கணக்கு. நம்முடைய கணக்கு வேறு. காலை ஏழு மணிக்கு வெளிக்கிட்டுப் பின்னேரம் திரும்பி வந்த ஒரு மனிதர் இனிமேல் நாள் முழுவதும் வீட்டில் இருக்கப் போகிறார். இதற்கு என்ன ஆயத்தம் செய்ய வேண்டுமென்று எந்தத் திணைக்களமும் நமக்குக் கடிதம் அனுப்புவதில்லை.

எங்கள் வீடு கம்பளைப் பக்கம். என் கணவர் 34 வருடங்கள் புவியியல் படிப்பித்தவர். அரச ஊழியர்களின் ஓய்வு வயதை அரசாங்கம் 60 ஆகக் குறைத்தபோது, அந்த வயதைத் தாண்டியிருந்த பல்லாயிரம் பேருடன் அவரும் 2022 டிசம்பர் 31ஆம் திகதி இளைப்பாறினார். அடுத்த வாரம் எத்தனை ஆயிரம் குசினிகளில் புதிதாக ஒருவர் வந்து கையைக் கட்டிக்கொண்டு நின்றிருப்பார் என்று நான் பிறகு நினைத்துச் சிரித்ததுண்டு. அப்போது சிரிப்பு வரவில்லை.

முதல் மாதத்தில் என் மசாலா டின்களுக்கெல்லாம் பெயர் எழுதி ஒட்டினார். இரண்டாம் மாதம் அடுப்புச் சுவாலை ஏன் இவ்வளவு உயரமாக எரிகிறது என்று விசாரித்தார். காஸ் விலை தெரியாதா என்று வேறு கேட்டார். பத்தரைக்கு ஒரு பிளேன்டீ, மூன்றுக்கு ஒரு பிளேன்டீ. ஆசிரியர் ஓய்வறையின் நேரசூசி அப்படியே எங்கள் வீட்டுக்கு இடம் மாறியிருந்தது. நாற்பது பிள்ளைகளை ஒரு பார்வையில் அடக்கி வைத்தவருக்கு அடக்கி வைக்க நான் ஒருத்திதான் மிச்சம். இதை அவரைக் குறை சொல்வதற்காக எழுதவில்லை, அவரும் வாசித்துவிட்டுத்தான் தபாலில் போடுகிறார். ஆனால் பகல் வேளைகளில் விறாந்தைக் கதிரையில் ஒன்றும் செய்யாமல் அவர் உட்கார்ந்திருந்த விதம் எனக்குப் பயமாக இருந்தது. இரத்த அழுத்தம் ஏறியது. கதைப்பது குறைந்தது.

கட்டாரில் இருக்கும் மகன் அந்த வருட விடுமுறையில் ஒரு கமரா கொண்டுவந்து கொடுத்தான். நாங்கள் கலியாணம் முடித்த காலத்தில் இவரிடம் ஒரு பழைய யஷிக்கா இருந்தது. ஒரு பிலிம் சுருளில் 36 படம்தான். சுருள் முடியும்வரை மாதக்கணக்கில் பொறுத்திருந்து, கண்டிக்குப் போய்க் கழுவி எடுத்து வந்தால் அதில் பாதி இருட்டாக இருக்கும். பிள்ளைகள் பிறந்து, டியூஷன் வகுப்புகளும் தொடங்கிய பிறகு அது எங்கே போனதென்றே தெரியாது. புதுக் கமராவைக் கையில் எடுத்தபோது அவர் முகத்தில் வந்த வெளிச்சத்தைக் கண்டு நான் அன்றைக்கே அல்லாஹ்வுக்கு நன்றி சொன்னேன். வீட்டை விட்டு வெளியே போக அவருக்கு ஒரு காரணம் கிடைத்துவிட்டது.

குசினிக் கதவுக்குப் பின்னால் தொங்கிய கலண்டரின் பின்பக்கத்தில் ஓர் அட்டவணை போட்டார். மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவப்பெயர்ச்சி மழை. எங்கள் பக்கமும் காலி, இரத்தினபுரிப் பக்கமும் நனையும். அந்த மாதங்களில் கிழக்கே வெயில், ஆகவே நிலாவெளி, பொத்துவில். ஆகஸ்ட், செப்டெம்பரில் மின்னேரியாக் குளம் வற்ற, புல்லைத் தேடி யானைகள் கூட்டங்கூட்டமாக வரும். டிசம்பர் முதல் பெப்ரவரி வரை வடகீழ் மழை. அப்போது தெற்கும் மேற்கும். காலிக் கோட்டையையும் பேருவளைக் கெச்சிமலைப் பள்ளியையும் படம் பிடிக்க அதுதான் காலம். இடையில் மார்ச், ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பின்னேரம் இடி மழை, ஆகவே காலையிலேயே வேலையை முடித்துவிட வேண்டும். நாடு சின்னதுதான், ஆனால் ஒரு பக்கம் குடை பிடிக்கும்போது மறுபக்கம் நெல் காய வைக்கிறார்கள். பென்ஷன்காரர் ஒருவர் பஸ்ஸிலும் ரயிலிலும் போய்ச் சுற்றிப் பார்க்க இதைவிட வசதியான நாடு எங்கே?

படம் பிடிக்க நல்ல வெளிச்சம் சூரியன் உதித்து ஒரு மணித்தியாலம் வரையும், மறைவதற்கு முந்திய ஒரு மணித்தியாலமும் என்பார். உச்சி வெயிலில் முகங்களில் கறுப்பு நிழல் விழும், வானம் வெளுத்துப் போகும். ஹோட்டன் சமவெளியில் உலக முடிவைப் பார்க்கப் போகிறவர்கள் காலை ஒன்பது மணிக்கு முன்னர் அங்கே நிற்காவிட்டால் பெரும்பாலும் வெறும் முகிலைத்தான் பார்த்துவிட்டு வருவார்கள். ஸுபஹுக்கு எழும்பிப் பழகியவர்களுக்கு இதெல்லாம் கஷ்டமில்லை.

கஷ்டம் வேறு இடத்தில் இருந்தது. அவர் ஐந்து மணி பஸ்ஸைப் பிடிக்க நான் மூன்றரைக்கு எழும்பினேன். இடியப்பம் அவித்து, சம்பல் அரைத்து, பார்சல் கட்டி, போத்தலில் சுடுதண்ணீர் நிரப்பிக் கொடுத்தேன். திரும்பி வரும்போது சேறு படிந்த காற்சட்டையும், அட்டைக் கடிக்குப் பூச உப்பும், நூற்றுக்கணக்கான படங்களும். ஒவ்வொன்றாகக் காட்டுவார். முதல் முப்பது படங்களை ஆசையோடு பார்த்தேன். ஒரு நாள் வாய் தவறிக் கேட்டுவிட்டேன்: “நீங்க இளைப்பாறிட்டீங்க, சரி. நான் எப்ப இளைப்பாறுறது?”

அவர் பதில் சொல்லவில்லை. ஆனால் அடுத்த பெப்ரவரியில் இரண்டு பேருக்குச் சீட்டெடுத்து என்னை மன்னாருக்குக் கூட்டிக்கொண்டு போனார். கலியாணம் முடித்து 35 வருடங்களில், ஆஸ்பத்திரிக்கும் மையித்து வீட்டுக்கும் கலியாண வீட்டுக்கும் அல்லாமல் சும்மா பார்க்கவென்று நான் போன முதல் பயணம் அது. வங்காலைப் பக்கத்து ஆழமில்லாத நீரில் பறவைகள். தூரத்தில் ரோஜா நிறக் கோடு போட்டதைப் போலப் பூநாரைகள். பள்ளிமுனையில் அந்தப் பென்னம்பெரிய பெருக்க மரம். முற்காலத்தில் அரபு வணிகர்கள் கொண்டுவந்து நட்டதாகச் சொல்வார்கள். “கொஞ்சம் மரத்துக்குக் கிட்டப் போய் நில்” என்றார். முந்தானையைச் சரிசெய்துகொண்டு ஆசையாகப் போய் நின்றேன். பிறகுதான் விளங்கியது, மரத்தின் பருமன் தெரிய அளவுக்கு ஓர் ஆள் தேவைப்பட்டிருக்கிறது! இருந்தாலும் அந்தப் படத்தை நான் அழிக்க விடவில்லை. அதற்குப் பிறகு ஒரு நிபந்தனையும் போட்டேன்: பயண நாளில் அடுப்பு எரியாது, போகிற வழியில் பாணும் வாழைப்பழமும்தான். நீங்களும் போட்டுப் பாருங்கள், சண்டை வராது.

கலண்டரின் பின்பக்கத்து அட்டவணைக்குத்தான் சோதனை வந்தது. 2023 ஆகஸ்டில் மழை பெய்ய வேண்டிய காலத்தில் பெய்யாமல், உடவளவைப் பக்கத்து விவசாயிகள் தண்ணீருக்காகப் போராடினார்கள். 2024இல் மே மாதக் கடைசியிலும் ஒக்டோபரிலும் மேற்கில் வெள்ளம், நவம்பரில் கிழக்கில் வெள்ளம். காரைதீவில் மத்ரஸாப் பிள்ளைகள் ஏறி வந்த உழவு இயந்திரத்தை வெள்ளம் இழுத்துச் சென்ற செய்தி கேட்டு நாமெல்லாம் அழுதோம். மழை முன்பும் பெய்ததுதானே என்று நான் கேட்டேன். சூடு ஒரு பாகை செல்சியஸ் கூடினால் காற்று ஏறத்தாழ 7 வீதம் அதிகமாக நீராவியைப் பிடித்து வைத்திருக்கும், பிறகு ஒரேயடியாகக் கொட்டும் என்று வாத்தியார் விளக்கினார். முன்பு பத்து நாளில் பெய்தது இப்போது ஒரு நாளில் பெய்கிறது. சொல்லிவிட்டு அட்டவணையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். 34 வருடம் பிள்ளைகளுக்கு எழுதிக்கொடுத்த பாடமல்லவா?

மழையென்றால் பயணம் ரத்து. பயணம் ரத்தென்றால் மனுஷர் மறுபடியும் குசினியில். அத்தோடு கமராவுக்கும் வருத்தம் வந்தது. எங்கள் ஈரக் காற்றில் வில்லைக்குள் பூஞ்சணம் சிலந்தி வலைபோலப் படரும். தோல் பைக்குள்ளோ அலுமாரி மூலையிலோ வைத்தால் இன்னும் விரைவாகப் படரும். காற்றுப் புகாத பிளாஸ்டிக் பெட்டியில், சப்பாத்துப் பெட்டிகளில் வருகிறதே சிலிக்கா ஜெல் பொட்டலம், அதைப் போட்டு மூடி வைக்க வேண்டும். ஈரம் குடித்த சிலிக்காவைச் சூடாக்கினால் திரும்பவும் பாவிக்கலாமென்று இவர் எதை எடுத்தார் தெரியுமா? நான் ரொட்டி சுடும் தாச்சியை. நீல நிறச் சிலிக்காவில் கோபால்ட் என்ற நச்சுப் பொருள் இருக்கிறது, சமையல் பாத்திரத்தில் அதைப் போடவே கூடாது. அந்தத் தாச்சி இப்போது அவருடையது. எனக்குப் புதிது வந்தது.

மழை நாட்களில் கை சும்மா இருக்காமல் விறாந்தையிலிருந்தே படம் பிடிக்கத் தொடங்கினார். எங்கள் ஒழுங்கை, எதிரே தேயிலைச் சரிவு, சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு ஓடும் பிள்ளைகள், பீலித் தண்ணீர், தன் வீட்டுப் படியில் உட்கார்ந்து பாக்கு இடிக்கும் பக்கத்து வீட்டு மூத்தம்மா. பெண்களை எடுப்பதானால் கேட்டுவிட்டு எடுங்கள் என்று சொல்லியிருந்தேன், கேட்டுத்தான் எடுத்தார். மூத்தம்மாவும் “இந்தக் கிழவிய எடுத்து என்னத்துக்கு மகன்?” என்று சிரித்துக்கொண்டே முகத்தைக் காட்டினார். அந்தப் படங்களை அவர் யாருக்கும் காட்டியதில்லை. மகனுக்கு அனுப்பியதெல்லாம் தெமோதரை ஒன்பது வளைவுப் பாலமும் மின்னேரியா யானைகளும்தான்.

2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்தது. நாடெங்கும் 600க்கும் மேற்பட்டோர் போய்ச் சேர்ந்தார்கள். கம்பளை நகரத்துக்குள் மகாவலி புகுந்தது. எங்கள் எதிர்ச் சரிவு இரவில் இறங்கியது. அந்தச் சத்தத்தை எழுத எனக்கு வராது. எங்கள் வீட்டு முற்றத்தோடு மண் நின்றுவிட்டது, அல்ஹம்துலில்லாஹ். மூத்தம்மாவின் வீட்டில் அது நிற்கவில்லை. மகளும் பேரப்பிள்ளைகளும் முந்திய பின்னேரமே பாடசாலைக்குப் போய்விட்டிருந்தார்கள். அவர் வரமாட்டேனென்று இருந்துவிட்டார்.

இரண்டு கிழமை கழித்து அந்த மகள் எங்கள் வாசலில் வந்து நின்றாள். உடுப்புக் கேட்டு வந்திருக்கிறாள் என்று நினைத்து நான் உள்ளே போகத் திரும்பினேன். “தாத்தா, ஸேர் எடுத்த படத்தில எங்கட உம்மா இருக்காவா? எங்களுக்கிட்ட ஒண்டுமே இல்ல, ஐடென்டிட்டி காட் கூட இல்ல” என்றாள்.

இருந்தது. ஏழு படங்கள் இருந்தன. அன்றிலிருந்து ஒரு மாதம் எங்கள் விறாந்தைக்கு ஆட்கள் வந்தபடி இருந்தார்கள். இடிந்த கடையின் முகப்பு, மண்ணுக்குள் போன கிணறு, வீடு நின்ற இடத்தைக் காட்டும் பலா மரம். எது இருந்தாலும் பரவாயில்லை என்றார்கள். யானைப் படத்தை ஒருவரும் கேட்கவில்லை. இவர் வருடக்கணக்கில் ஒரே கதிரையிலிருந்து எடுத்த சரிவின் படங்களைத் திகதி வாரியாக அடுக்கியபோது இன்னொன்றும் தெரிந்தது. இரண்டு மரங்கள் மாதாமாதம் கொஞ்சங் கொஞ்சமாகச் சாய்ந்துகொண்டே வந்திருக்கின்றன. பார்த்துக்கொண்டிருந்த எங்களுக்கு அது தெரியவில்லை. அவர் அன்றைக்குச் சாப்பிடவில்லை.

மலைச் சரிவில் குடியிருக்கும் சகோதரிகளே, நிலத்தில் புது வெடிப்பு, சாயும் மரம் அல்லது மின்கம்பம், திடீரென்று கிளம்பும் கலங்கல் ஊற்று, திறக்க மறுக்கும் கதவு நிலை ஆகியவற்றைக் கண்டால் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் எச்சரிக்கையை எதிர்பார்த்திருக்காமல் கிராம உத்தியோகத்தரிடம் சொல்லுங்கள். மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என்று மூன்று படிகளில் எச்சரிக்கை வரும். சிவப்பு வந்தால் சோற்றுப் பானையை இறக்கி வைக்கவும் நிற்க வேண்டாம். உங்களிடம் கமரா இல்லாவிட்டாலும் தொலைபேசி இருக்கும். மாதம் ஒருமுறை ஒரே இடத்தில் நின்று வீட்டையும் சரிவையும் ஒரு படம் எடுத்து வையுங்கள். வயதான உம்மா, வாப்பாவையும் கேட்டு எடுத்து வையுங்கள். பெயரும் திகதியும் எழுதி, ஒரு பிரதியை வேறு ஊரிலுள்ள பிள்ளையிடம் கொடுத்துவிடுங்கள். எங்களுடையது இப்போது கட்டாரிலும் இருக்கிறது.

இவர் இன்னும் விறாந்தையில்தான் இருக்கிறார். பத்தரைக்குப் பிளேன்டீ இன்னும் போகிறது. மூன்று மணிப் பிளேன்டீயை இப்போது அவரே ஊற்றி எனக்கும் கொண்டுவருகிறார், சீனி மட்டும் கூடிவிடும். கலண்டரின் பின்பக்கத்து அட்டவணையைக் கிழிக்கவில்லை, பென்சிலால் திருத்திக்கொண்டிருக்கிறார். பக்கத்து வீட்டு மகள் இப்போது தங்கச்சி வீட்டில் இருக்கிறாள். மூத்தம்மா சிரிக்கும் படத்தைப் பெரிதாக அச்சடித்துக் கொடுத்தோம். சுவரில் மாட்டவில்லை. அலுமாரியில் துணிகளுக்கு நடுவே வைத்திருக்கிறாள்.