பழைய கான்டெசா வாங்கப் போறீங்களா? முதல்ல வண்டிக்கு அடியில படுங்க!

கதிர்காமம் பக்கம் ஒரு ஒர்க்‌ஷாப் வாசல்ல, சும்மா ஜம்முனு ஒரு கான்டெசா நிக்குதுனு வச்சுக்குவோம். கறுப்பு பெயின்ட், பளபள பம்பர். "எல்லாமே ஒரிஜினல் தம்பி, ஒரு ஸ்குரூகூட மாத்தல"னு விக்கிறவர் சத்தியம் பண்றார். உங்க கை தானா போன்ல ஜிபே பக்கம் போகுது. ஒரு நிமிஷம் பாஸ்! பெயின்ட் பொய் சொல்லும். இரும்புல குத்தின எண் அவ்வளவு சுலபமா பொய் சொல்லாது.

இந்துஸ்தான் மோட்டார்ஸ் 1984 முதல் 2002 வரை தயாரிச்ச கார் கான்டெசா. இங்கிலாந்தின் வாக்ஸால் கம்பெனியோட உடம்பு, நீளமான பானெட், பின் சக்கரத்துல இழுவை. அதனாலதான் 'இந்தியாவின் மஸில் கார்'னு செல்லப்பேர். ஆரம்பத்துல உள்ளே இருந்தது அம்பாசடரோட 1.5 லிட்டர் இன்ஜின்தான். பிறகு வந்த கான்டெசா கிளாசிக்லதான் இசுஸுவோட 1.8 லிட்டர் பெட்ரோல் இன்ஜின் வந்தது. மைலேஜுக்காக டீசல் இன்ஜின் தூக்கி வச்ச வண்டிகளும் உண்டு. அதனால 'ஒரிஜினல்'ங்கிற வார்த்தையை அப்படியே நம்ப முடியாது.

ஆக்ஸில்ல என்ன இருக்கு?

அசல் மஸில் கார்களோட ஊர் அமெரிக்கா. அங்கே 1960-கள்ல வந்த செவர்லே கமேரோ மாதிரி கார்களை வாங்குறவங்க, நேரா ரியர் ஆக்ஸிலைத்தான் தேடுவாங்க. டிஃபரன்ஷியல் உருண்டையிலிருந்து வலது சக்கரத்துக்குப் போற குழாய்ல, முன்பக்கம் பார்த்த மாதிரி சில எழுத்தும் எண்ணும் குத்தியிருக்கும். அதுல கியர் பல் விகிதம், தயாரான தேதி, எந்த ஆலை எல்லாம் அடக்கம். கார் தயாரான தேதிக்குப் பிந்தைய தேதி ஆக்ஸில்ல இருந்தா, அது பின்னாடி மாத்தினதுனு அர்த்தம். சிம்பிள் லாஜிக்!

எண்ணைத் தேடுறது எப்படி?

பல வருஷ கிரீஸும் மண்ணும் சேர்ந்து எண்ணை மூடியிருக்கும். மண்ணெண்ணெய் அல்லது டீசல்ல நனைச்ச துணியால ஊற வச்சுத் துடைங்க. பிளாஸ்டிக் பிரஷ் போதும். கிரைண்டர், உப்புத்தாள் பக்கமே போகாதீங்க. எண் லேசாத்தான் பதிஞ்சிருக்கும், ஒரு தேய்ப்புல காணாமப் போயிடும்.

துடைச்சதும் மொபைல் டார்ச்சை நேரா அடிக்காம, பக்கவாட்டுல சாய்ச்சு அடிங்க. பள்ளத்துல நிழல் விழுந்து எழுத்து தெரியும். அப்பவும் தெரியலையா? சாக்பீஸைத் தேய்ச்சு, மேலாக்கத் துடைச்சா பள்ளத்துல மட்டும் வெள்ளை நிக்கும். நாலு கோணத்துல போட்டோ எடுத்து வச்சுக்கங்க.

எண்ணே இல்லைன்னா?

ஆக்ஸிலோட பல் விகிதத்தை நாமளே எண்ணிடலாம். முன் சக்கரங்களுக்குக் கட்டை வச்சு, வண்டியை நியூட்ரல்ல போட்டு, ஹேண்ட் பிரேக்கை எடுத்துடுங்க. பின்னாடி ஒரு சக்கரத்தை மட்டும் தூக்கி ஸ்டாண்ட்ல நிறுத்துங்க (ஜாக்கை மட்டும் நம்பி அடியில போகக் கூடாது). தூக்கின சக்கரத்தை 2 முறை முழுசா சுத்துங்க. அதுக்குள்ள ப்ரொப்பல்லர் ஷாஃப்ட் எத்தனை சுத்து சுத்துதோ, அதான் விகிதம். ஏறக்குறைய மூணே முக்கால் சுத்துன்னா, கிரவுன் வீல்ல 41 பல், பினியன்ல 11 பல் மாதிரியான செட். அந்த மாடலோட மேனுவல்ல இருக்கிற விகிதத்தோட ஒப்பிட்டா உண்மை தெரிஞ்சுடும்.

சட்டம் பார்க்கிறது இதைத்தான்

ஆக்ஸில் மாறியிருந்தா விலை பேசிக் குறைக்கலாம். ஆனா சேஸிஸ் எண்ணும் இன்ஜின் எண்ணும் ஆர்.சி.யோட ஒத்துப்போகலைன்னா வண்டியே வேண்டாம். ஆர்.டி.ஓ. அனுமதியில்லாம இன்ஜின் மாத்துறது மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவுப்படி தப்பு. திருட்டு வண்டியா இருந்தா பணமும் போய், போலீஸ் ஸ்டேஷன் வாசல்ல நீங்கதான் நிக்கணும்.

எண் இருக்கிற இடத்தைச் சுத்தி வெல்டிங் தடம், அந்த இடம் மட்டும் பளபளப்பு, ஒரு எண் ஆழமா ஒரு எண் மேலாக்க... இதெல்லாம் ரெட் சிக்னல். எழுத்து கொஞ்சம் கோணலா இருக்கிறதால மட்டும் போலினு முடிவு பண்ணிடாதீங்க. அந்தக் காலத்துல கையால சுத்தியல் வச்சு குத்தினதும் உண்டு. எண் மேல தாளை வச்சு பென்சில் பிரின்ட் எடுத்து, ஆர்.சி.யோட ஒவ்வொரு எழுத்தா சரிபாருங்க.

நம்ம ஊருக்கு இன்னொரு சிக்கல். கோரிமேட்டைத் தாண்டினாலே தமிழ்நாடு. டி.என்.31, டி.என்.32 வண்டின்னா அந்த ஊர் ஆர்.டி.ஓ.கிட்ட படிவம் 28-ல் என்.ஓ.சி. வாங்கணும். அப்புறம்தான் பி.ஒய்.01. கடைசி கான்டெசாவே 2002. அதனால எல்லா கான்டெசாவும் 15 வருஷத்தைத் தாண்டியாச்சு. ஆர்.சி. புதுப்பிச்சிருக்கானு கண்டிப்பா பாருங்க.

"வின்டேஜ் வண்டினு பதிஞ்சுக்கலாம் தம்பி"னு யாராவது சொன்னா சிரிச்சுட்டு நகருங்க. 2021-ல் வந்த மத்திய விதிப்படி, முதல் பதிவாகி 50 வருஷம் ஆகணும். முதல் கான்டெசாவுக்கே அந்தத் தகுதி 2034-லதான் வரும். அப்பவும் சேஸிஸ், பாடி, இன்ஜின் பெருசா மாறாம இருந்தாத்தான் செல்லும்.

அதனால வாங்கின பிறகும் கவனம் தேவை. சாண்ட் பிளாஸ்டிங், புது பெயின்ட்னு ஆசையா கொடுக்கிறதுக்கு முன்னாடி எண் இருக்கிற இடத்துல டேப் ஒட்டி மறைக்கச் சொல்லுங்க. பெயின்ட்டை எப்ப வேணா மாத்திக்கலாம். அழிஞ்ச எண்ணைத் திரும்பக் கொண்டுவர முடியாது.