விடியவிடியக் கொடை, ஒற்றை டிவிடி

“எத்தன மணிக்கூர் ஆனாலும் சரி, ஒத்த டிவிடியில அடக்கித் தந்திரணும் அண்ணாச்சி.” 2000களில் எங்கள் பக்கத்தில் கோயில் கொடைத் திருவிழாவுக்கு வீடியோ பேசப்போனால் முன்பணத்தோடு இந்த நிபந்தனையும் சேர்ந்தே போகும். வரி கொடுத்த வீடுகளுக்கு ஆளுக்கொன்று, வளைகுடாவில் இருக்கிற பிள்ளைகளுக்கு ஒன்று என்று பிரதி போடவேண்டும். தட்டு இரண்டானால் ஒன்று தொலையும். தொலைவது எப்போதும் சாமக்கொடை இருக்கிற தட்டாகத்தான் இருக்கும்.

வெற்றுத் தட்டின் முகத்திலோ ‘4.7 ஜிபி, 120 நிமிடம்’ என்று அச்சிட்டிருக்கும். அந்த 120 ஒன்றும் சட்டமில்லை. நொடிக்குச் சுமார் 5 மெகாபிட் செலவழித்தால் இரண்டு மணிநேரம் கொள்ளும் என்ற கணக்கு, அவ்வளவே. நான்கு மணிநேரத்தை ஏற்றவேண்டுமா, நொடிக்கு 2.6 மெகாபிட்டுக்குள் குடித்தனம் நடத்தவேண்டும். பஸ் ஸ்டாண்டில் ‘ஒரே டிவிடியில் ஐந்து படம்’ விற்றவர்களும் இப்படித்தான் நடத்தினார்கள். முகம் களிமண்ணாகத் தெரிந்தாலும் வாங்கியவர் கேட்கமாட்டார் என்ற தைரியம். கொடையில் அது செல்லாது. தன் மாமன் சாமியாடுவது மங்கினால் யார் பொறுப்பார்?

முதலில் கைவைக்கவேண்டியது ஒலியில். சுருக்காத பிசிஎம் ஒலியாக வைத்தால் நான்கு மணிநேரத்துக்கு அதுவே 2.76 ஜிபி தின்றுவிடும், பாதித் தட்டுக்கும் மேல். டால்பி டிஜிட்டலில் 192 கிலோபிட்டுக்கு மாற்றினால் 0.35 ஜிபிதான். உடுக்கையும் குடமும் வீசுகோல் மணியும் வீட்டு டிவியில் கேட்க அது தாராளம்.

அடுத்தது படம். டிவிடி வீடியோவில் இருப்பது எம்பெக்-2 சுருக்கம். அது ஒவ்வொரு சட்டத்தையும் (ஃபிரேம்) முழுசாக எழுதுவதில்லை. இடையிடையே ஒரு முழுப்படம், நடுவில் மாறிய இடங்கள் மட்டும். அசைவு குறைந்தால் செலவும் குறைவு. இந்த இடத்தில்தான் மென்பொருள் தெரிந்தவரைவிடக் கொடை தெரிந்தவர் ஜெயிக்கிறார். வில்லுப்பாட்டில் குழு உட்கார்ந்த இடத்தைவிட்டு அசையாது. பின்னால் அதே துணி, முன்னால் அதே வில். புலவரின் கையும் முகமும்தான் ஆடும். அதை 352×576 அளவில், 1.8 மெகாபிட்டில் விட்டாலும் பழுதில்லை. சாமியாட்டம் அப்படியா? தீப்பந்தம், புகை, தெறிக்கும் மஞ்சள்நீர், ஆராசனை வந்த ஆளைச் சுற்றி அலைமோதும் கூட்டம். சட்டத்துக்குச் சட்டம் எல்லாமே மாறும். அங்கே கஞ்சத்தனம் காட்டினால் திரை கட்டங்கட்டமாக உடையும்.

கணக்கு இதுதான். நான்கில் இரண்டரை மணிநேரம் வில்லுப்பாட்டு என்று வையுங்கள். அதில் மிச்சம்பிடித்ததை மீதி ஒன்றரை மணிநேரத்துக்குக் கொடுத்தால் 720×576 முழு அளவில் நொடிக்கு 3.3 மெகாபிட் கிடைக்கும். இரண்டு அளவும் ஒரே தட்டில் இருக்கலாம், தனித்தனித் தொகுதியாக வைத்தால் போதும். இரண்டு சுற்று ஓட்டும் முறையில், முதல் சுற்றிலேயே மென்பொருள் எங்கே அசைவு அதிகம் என்று குறித்துக்கொள்ளும். ராத்திரி குறைந்த வெளிச்சத்தில் எடுத்த படத்தில் பொடிப்பொடியாக ஒரு இரைச்சல் நெளியும். அதையும் அசைவு என்றே நினைத்து மென்பொருள் இடத்தை வீணாக்கும். முன்னாலேயே கொஞ்சம் துடைத்துவிடவேண்டும்.

8.5 ஜிபி இரட்டை அடுக்குத் தட்டும் இருந்தது. விலை கூடுதல், பழைய பிளேயர்களில் சில அதைக் கண்டுகொள்வதே இல்லை.

எங்கள் ஊர்க் கொடைக்கு இந்த நிதானம் வாய்க்கவில்லை. எடிட் செய்தவர் முழுவதையும் ஆறு மணிநேர முறையில் ஒரே சீராக நசுக்கிவிட்டார். படம் எடுத்த மினி டிவி (MiniDV) கேசட் மணிக்கு 13 ஜிபி பிடிக்கும். அதிலிருந்து மறுபடி எடுக்கலாமே என்று போய்க் கேட்டால், அந்தக் கேசட்டுகளில் அதற்குள் இரண்டு கல்யாணம் ஏறியிருந்தது. இனி எந்த மென்பொருளாலும் அதை மீட்கமுடியாது. தட்டில் இருக்கிற விஓபி கோப்புகளை மறுபடி சுருக்காமல் அப்படியே பென்டிரைவில் ஏற்றிவைத்திருக்கிறேன்.

அம்மா இப்போதும் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அதைப் போடச் சொல்வாள். மஞ்சள்நீர் கட்டங்கட்டமாகத் தெறிக்கும்போது ஒரு கட்டத்தைக் காட்டி, “இது உங்க சித்தப்பாலா?” என்பாள்.