கடலின் சிக்கனக் குடிகள்

கடல்நீரை நுண்ணோக்கியில் எண்ணினால், ஒரு மில்லிலிட்டரில் ஏறத்தாழ 10 இலட்சம் நுண்ணுயிரிகள் தேறும். அதே நீரை ஊட்டம் மிகுந்த அகார்த் தட்டில் பரப்பினாலோ நூற்றுக்கு ஒன்றுகூட வளர்வதில்லை. இந்த இடைவெளி அறிஞர்களை நெடுங்காலம் அலைக்கழித்தது.

1990இல் ஸ்டீபன் ஜியவன்னோனியும் அவர்தம் குழுவினரும் வேறு வழி கண்டனர். சர்காசோ கடலின் நீரிலிருந்து மரபுப்பொருளை நேரே பிரித்து, ரைபோசோமுக்குரிய மரபணுவின் எழுத்துவரிசையைப் படித்தனர். எந்தத் தட்டிலும் வளராத புதுக்குலம் ஒன்று அதில் தென்பட்டது. சார் 11 என்று அதற்குக் குறிப்பெயர் இட்டனர். தேடிய கடல்தோறும் அது மலிந்திருந்தது.

அதை வளர்த்தெடுக்கப் பன்னிரண்டு ஆண்டுகள் பிடித்தன. 2002இல் வெற்றி தந்தது விருந்தன்று, பட்டினியே. ஓரிகன் கரையோரக் கடல்நீரை வடிகட்டி, வெப்பத்தால் தூய்மையாக்கி, சிறு குழிகளில் நிரப்பி, குழிக்குச் சில உயிரணுக்களே சேருமாறு விதைத்தனர். பல நாள் கழிந்தும் நீர் கலங்கவில்லை. வெறுங்கண்ணுக்கு எதுவும் புலப்படவில்லை. ஒளிரும் சாயம் ஏற்றி நோக்கியபோதுதான், ஒரு மைக்ரோமீட்டர் நீளமும் எட்டாத வளைந்த கோல்கள் தெரிந்தன. பெலாகிபாக்டர் யுபிக் எனப் பெயர் பெற்ற உயிர் அதுவே.

2005இல் அதன் மரபணுத்தொகுதி முழுதும் படிக்கப்பட்டது. மொத்தம் 13,08,759 எழுத்திணைகள். நம் குடலில் வாழும் ஈ. கோலையின் தொகுதி அதைப்போல் மும்மடங்குக்கும் மேல். மரபணுவுக்கும் மரபணுவுக்கும் இடையே பெரும்பாலும் மிகச் சில எழுத்துகளே இடம்பெறுகின்றன. நைதரசனும் பாசுபரசும் அரிதான நடுக்கடலில் ஒவ்வோர் எழுத்தும் செலவுதான். தேவையற்றதைச் சுமந்த வழித்தோன்றல்கள் பின்தங்கின என்பதே ஏற்புடைய விளக்கம்.

இச்சிக்கனத்துக்கு விலையும் உண்டு. கடல்நீர் ஒரு லிட்டரில் ஏறத்தாழ 2.7 கிராம் சல்பேட் கரைந்துள்ளது. ஆயினும் அதிலிருந்து கந்தகத்தைப் பிரித்துத் தன்வயமாக்கும் மரபணுக்கள் இவ்வுயிருக்கு இல்லை. பாசிகள் கசியவிடும் கந்தகச் சேர்மங்களையோ மெத்தியோனினையோ அது நம்பியிருக்கிறது. கிளைசினும் வெளியிலிருந்து வரவேண்டும். கந்தகப் பெருவெளியில் மிதந்துகொண்டே கந்தகத்துக்கு ஏங்கும் உயிர்!

மரபணுத்தொகுதியைப் படித்தாலே போதும், வளர்ப்பு வீண்வேலை என்பாரும் உளர். எனக்கு அது உடன்பாடன்று. கந்தகக் குறையைத் தொகுதி சுட்டியது உண்மை; எதைக் கொடுத்தால் நிறையும் என்பதை வளர்ப்பே உறுதிசெய்தது. 2013இல் பைருவேட், கிளைசின், மெத்தியோனின் முதலியன கலந்த செயற்கைக் கடல்நீரிலேயே இதை வளர்க்க முடிந்தது. தையமின் என்னும் உயிர்ச்சத்தை அது முழுதாகத் தானே ஆக்கவல்லதன்று எனத் தொகுதி காட்டியிருந்தது. குறைந்ததைக் கொடுத்தால் வளரும் என்று எவரும் எண்ணுவர். ஆனால் தையமினை அப்படியே இட்டபோது அது தழைக்கவில்லை. அந்த உயிர்ச்சத்தின் பாதிக்கூறான பிரிமிடின் முன்பொருளை இட்டபோதே பெருகியது.