விதைத் தட்டை நாமே வெட்டலாம்

விதைப்புக் கருவியில் விதையை எண்ணிப் போடுவது தட்டில் உள்ள குழிதான். குழி பெரிசானால் இரண்டு விதை விழும். சின்னதானால் விதை உட்காராது. நம் நாட்டு ரகத்தின் அளவுக்குக் கடைத் தட்டு பெரும்பாலும் பொருந்தாது.

மேசை மேல் வைக்கும் சின்ன மில்லிங் மெஷினில் மூன்று கைச்சக்கரம் உண்டு. அவற்றுக்குப் பதில் ஸ்டெப்பர் மோட்டார் மாட்டினால் கணினியே சுற்றும். மோட்டாருக்குச் சுற்றுக்கு 200 படி. சுற்றுக்கு 5 மி.மீ. நகர்த்தும் பால் ஸ்க்ரூ போட்டால் படிக்கு 0.025 மி.மீ. பழைய திருகு திசை மாறும்போது ஆட்டம் கொடுக்கும். அதில் சிக்கனம் பார்க்காதீங்க. மோட்டாருக்கு ஏற்ற டிரைவர், ஆர்டுயினோ பலகை, இலவச ஜி.ஆர்.பி.எல். மென்பொருள் வேண்டும். அவசர நிறுத்த சுவிட்ச் கைக்கெட்டும் தூரத்தில் கட்டாயம் இருக்கணும்.

தட்டில் 24 குழி என்றால் 15 பாகைக்கு ஒன்று; அந்தக் கணக்கைக் கணினி பார்த்துக்கொள்ளும்.

வரவு செலவு பார்த்துச் சொல்றேன்: ஒரே தட்டு போதுமென்றால் தட்டாஞ்சாவடி தொழிற்பேட்டைப் பக்கம் பட்டறையில் கொடுத்து வாங்குங்க. பல பயிருக்கு, பல பேருக்கு என்றால் குழுவாகச் சேர்ந்து மெஷினை மாற்றுங்க. வெட்டும் கோப்பையும் விதை மாதிரியே பகிர்ந்துக்கலாம்.